காதண்ணனும் சிவப்பு விளக்கும்

காதண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையில் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது, யாரும் எழுப்பவில்லை. தீயணைப்பு நிலையத்தில் எல்லாருக்கும் அவர் காதண்ணன்தான். அதிகாரிக்குக் கோபம் வந்தால் மட்டும் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்போது காதண்ணன், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

காது ஒன்றும் யானைக் காது இல்லை. சின்னக் காதுதான். மேல் விளிம்பு மட்டும் கருகின காகிதம் மாதிரி சுருண்டிருக்கும். அந்தக் காதை வைத்துத்தான் அவர் பேர் வாங்கினார். தீக்குள் போகிறவர்கள் தலைக்கு ஒரு துணிக் குல்லா போட்டு, அதற்கு மேல் ஹெல்மெட் மாட்ட வேண்டும். குல்லா காதை மூட வேண்டும் என்பது விதி. காதண்ணன் அதைக் காதுக்குப் பின்னால் சுருட்டிவிட்டுக்கொள்வார். தடிமனான கோட்டு, கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்ட ஆளுக்கு வெளியே எவ்வளவு சூடு என்று தெரியாது. திறந்திருப்பது காது மட்டும். அது சுருக்கென்றால் திரும்ப வேண்டும், சும்மா இருந்தால் போகலாம். பழைய ஆட்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். என்ன, காதண்ணன் அளவுக்கு யாரும் அதற்கு மேளம் அடிக்கவில்லை.

ஒரு முறை பெயிண்ட் கிடங்கில் தீ. உள்ளே போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று நின்று, "காது சொல்லுதுடா, வெளிய ஓடுங்க" என்று கத்தினார். ஓடி வந்தார்கள். மூச்சு வாங்குவதற்குள் கூரை மொத்தமும் உள்ளே விழுந்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு அவரோடு உள்ளே போகிறவன் எவனும் தீயைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைப் பார்ப்பான்.

வீட்டில் மட்டும் காதுக்கு மரியாதை கிடையாது. "ஊர்ல எங்க தீப்பிடிச்சாலும் கேக்குற காதுக்கு, குழாயில தண்ணி ஒழுகுதுன்னு நான் சொல்றது மட்டும் கேக்காதா?" என்பாள் மனைவி.

"அது சூட்டுக்குத்தாண்டி கேக்கும்."

"அப்போ நான் சூடா சொல்றேன், இருங்க."

அவருக்கு ஒரே தங்கச்சி. தங்கச்சி வீட்டுக்காரர் முதலில் லாரி பட்டறையில் வேலை பார்த்தார். காதண்ணன் பேசின பேச்சைக் கேட்டே அவருக்கும் ஆசை வந்து, தேர்வு எழுதி, பயிற்சி முடித்து, இதே நிலையத்துக்கே வந்து சேர்ந்தார். தங்கச்சி முதலில் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினாள். கடைசியில் அண்ணனைப் பிடித்து நிறுத்தி ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"நீ உள்ள கூட இருப்பல்ல?"

"இருப்பேன்."

"உன் காதும் இருக்கும்ல?"

"அதை எங்க கழட்டி வைக்கப் போறேன்!"

"அப்போ சரி. எனக்குப் பயமில்ல."

மாப்பிள்ளை நல்ல ஆள். அமைதி. எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்து, அடியில் இருக்கிற சின்ன எழுத்தை எல்லாம் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். காதண்ணன் வாயாலேயே வாழ்கிறவர். மாப்பிள்ளையின் பூட்ஸுக்குள் ஈர ஸ்பாஞ்சை வைப்பார், தூங்குகிறவரின் பெல்ட்டைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு மணியை அடிப்பார். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் பொறுமையாக எழுந்து, "முடிஞ்சுதா மச்சான்?" என்று கேட்டுவிட்டு அவிழ்ப்பார்.

ஒரு நாள் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து பொறியாளர் அம்மா ஒருவர் வந்தார். கண்ணாடி போட்டவர், மெலிந்தவர், பேச்சில் மட்டும் எடை அதிகம். ஆட்கள் அவரை லேப் மேடம் என்று கூப்பிட்டார்கள். கொண்டுவந்தது புதுக் குல்லா. துணி, செயற்கைக்கோளுக்குச் சுற்றுவதற்காகச் செய்த துணியாம். காதுப் பக்கம் தையலுக்குள் நகக்கண் அளவுக்கு ஒரு சென்சார். பெரிய உலைகளுக்குள் சூட்டை அளக்கிறதற்காகக் கண்டுபிடித்ததைச் சின்னதாக்கி இதில் தைத்திருந்தார்கள். சூடு ஏற ஏற முகமூடியின் ஓரத்தில் ஒரு விளக்கு பச்சையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து சிவப்பு என்று மாறும். வெளியே நிற்கிறவர் கையில் ஒரு திரை. அதில் உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஆளும் ஒரு வட்டம்.

"இப்ப இருக்குற சூட்டை மட்டும் இது சொல்றதில்ல அண்ணே. எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பாத்து, முன்னாடியே சொல்லும்" என்றார் லேப் மேடம்.

"என்கிட்ட ஏற்கெனவே ரெண்டு இருக்கே" என்று காதண்ணன் இரண்டு காதையும் பிடித்துக் காட்டினார். நிலையமே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சென்சாரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே காதண்ணன் தன் குல்லாவைக் கொண்டுபோய் டீ கொதிக்கிற பாத்திரத்தின் மூடிமேல் உட்கார்த்திவைத்தார். ஆராய்ச்சிக் கூடத்திலும் அதே மாதிரி ஒரு திரை வைத்திருந்தார்கள், அதில் ஒரு வட்டம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. அலறியடித்துக்கொண்டு போன் வந்தது. காதண்ணனே எடுத்தார்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? எங்க இருக்கீங்க?"

"டீ குடிச்சிட்டிருக்கேன் மேடம்."

"சரிண்ணே. டீ குடிச்சே வெந்துபோன முதல் ஆள் நீங்கதான்னு குறிச்சு வச்சிக்கிறேன்" என்றார் அவர். நிலையத்தில் ஒரு வாரத்துக்கு இதே பேச்சு. ஆனால் அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஒன்று எல்லார் மண்டையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது: இது டீயைப் பார்த்தாலும் சிவப்பாகிற சாமான். அப்படி ஏற்றிவிட்டது யார் என்று பிற்பாடு காதண்ணன் நிறைய நேரம் யோசித்திருக்கிறார். யோசிக்கவே தேவையில்லாத கேள்விதான்.

மெத்தைக் கிடங்கில் தீப்பிடித்தது ஒரு மத்தியானம். உள்ளே காவல்காரர் ஒருவர் மாட்டியிருக்கலாம் என்று சொன்னார்கள். காதண்ணனும் மாப்பிள்ளையும் ஜோடியாக உள்ளே போனார்கள். திரை வண்டி இருக்கையில் கிடந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. புகை இடுப்புக்கு மேல் கெட்டியாக நின்றது. தவழ்ந்து போனார்கள். மாப்பிள்ளையின் குல்லா காதை மூடியிருந்தது, காதண்ணனுடையது வழக்கம்போல பின்னால் சுருண்டிருந்தது. முதல் வரிசை அடுக்குகளைத் தாண்டினார்கள். இரண்டாவதையும் தாண்டினார்கள்.

"மச்சான், மஞ்சள் வந்துடுச்சு."

"வரட்டும்."

இன்னும் கொஞ்ச தூரம்.

"மச்சான், சிவப்பு."

காதண்ணன் நின்றார். தலையைச் சாய்த்துக் காதைக் கூரைப் பக்கம் காட்டினார். ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் கடிகூட இல்லை. "காது ஒண்ணும் சொல்லல மாப்ளே. அந்தப் பொட்டி டீக்கே பயப்படும். வா, அந்தக் கடைசி வரிசையைப் பாத்துட்டுப் போயிடலாம்."

மாப்பிள்ளை அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பின்னாலேயே வந்தார்.

கூரையோரமாக நின்ற புகை அப்படியே நெருப்பாக மாறியது. ஊதிப் பற்ற வைத்த மாதிரி இல்லை, யாரோ விளக்கைப் போட்ட மாதிரி. காதண்ணன் எந்தப் பக்கம் கதவு என்று தெரியாமல் குப்புற விழுந்தார். பின்னால் இருந்த மாப்பிள்ளைக்குக் கதவு இருக்கிற பக்கம் தெரிந்தது. அவர் நினைத்திருந்தால் போயிருக்கலாம். முன்னால் வந்து, மச்சானின் முதுகு சிலிண்டரைக் கட்டியிருந்த உலோக வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார். வளையம் பழுக்கக் காய்ந்திருந்தது. கையுறை தாங்குகிற வரைக்கும் தாங்கியது. அதற்கப்புறமும் அவர் விடவில்லை.

காவல்காரர், எப்போதோ பின்வாசல் வழியாக வெளியேறி, கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி ஓடி வந்தாள். அண்ணனுக்குக் கழுத்தில் ஒரு சின்னக் கட்டு, அவ்வளவுதான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெள்ளையாகச் சுற்றப்பட்டிருந்தன. தங்கச்சி அதைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"உன் காதுக்கு என்னாச்சு?"

"அது ஒண்ணும் சொல்லலம்மா."

அன்றோடு அவள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மாப்பிள்ளை பிழைத்தார். விரல்கள்தான் பிழைக்கவில்லை, பாதிக்கு மேல் மடங்காது. அவரை அழைப்புகள் வாங்குகிற அறையில் உட்கார வைத்தார்கள். காதில் ஹெட்போன், தோசைத் திருப்பி மாதிரி விறைத்த கையால் பொத்தானைத் தட்ட வேண்டும். காதண்ணன் விடுமுறை தோறும் தங்கச்சி வீட்டுக்குப் போவார். அவள் தட்டு வைப்பாள், பரிமாறுவாள், குறை வைக்க மாட்டாள். வாய் மட்டும் திறக்காது. "உங்க மச்சானுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்று புருஷனைப் பார்த்துச் சொல்லுவாள். எதிரில் உட்கார்ந்திருக்கிற காதண்ணன், "வேணும்னு சொல்லு மாப்ளே" என்பார். நடுவில் உட்கார்ந்து மாப்பிள்ளை இரண்டு பக்கமும் அஞ்சல் செய்வார். சிரிப்பு வருகிற காட்சிதான். யாரும் சிரிக்கவில்லை.

நிலையத்தில் எல்லாரும் காதண்ணன் பக்கம். "எப்பப் பாத்தாலும் சிவப்பு காட்டுற பொட்டியை எவன் நம்புவான்? திடீர்னு ஏறின சூட்டுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் நிலையத்து வண்டி ஓட்டுநர். காதண்ணனும் அதையே பிடித்துக்கொண்டார். காது பொய் சொல்லாது. சூடுதான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. இதைத் தங்கச்சிக்கு எப்படியாவது புரிய வைத்துவிட்டால் போதும், அவள் பேசிவிடுவாள் என்று நம்பினார். அதற்காகத்தான் அவராகவே லேப் மேடத்துக்குப் போன் பண்ணினார்.

"என் காதை டெஸ்ட் பண்ணுங்க மேடம். பண்ணி, நல்லா இருக்குன்னு என் தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லணும்."

ஆராய்ச்சிக் கூடத்தில் குளிர்ச்சியான ஒரு அறை. தோல் எவ்வளவு சூட்டை உணர்கிறது என்று பார்க்கிற கருவி அங்கே இருந்தது. காசு அளவுக்கு ஒரு உலோகத் தட்டு. அதைத் தோலில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகும். சூடு தெரிந்த உடனே பொத்தானை அழுத்த வேண்டும். லேப் மேடம் முதலில் தன் காதில் வைத்துக் காட்டினார். சீக்கிரமே அழுத்திவிட்டார்.

"இப்ப நீங்கண்ணே."

காதண்ணன் வீரமாக உட்கார்ந்தார். தட்டு காதில் ஒட்டியது. கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது. காத்திருந்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். லேப் மேடத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"மிஷினை இன்னும் போடலியா மேடம்?"

அவர் கருவியை நிறுத்தினார். "இதுக்கு மேல போனா புண்ணாயிடும்ணே." அடுத்த காதுக்கு மாற்றினார். அங்கேயும் அதே கதை. காதண்ணனுக்குச் சந்தேகம் தீரவில்லை. "டீப் பாத்திரத்துக்குப் பழி வாங்குறீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தார். லேப் மேடம் சிரிக்கவில்லை. அதே தட்டை, அதே சூட்டோடு, அவருடைய மணிக்கட்டின் உள்பக்கம் லேசாகத் தொட்டார்.

காதண்ணன் "ஆ!" என்று கையை உதறினார். பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா சுட்டிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா செத்திருக்கு" என்றார் லேப் மேடம்.

"எப்பலேருந்து?"

"அதை இப்பச் சொல்ல முடியாதுண்ணே."

பேருந்தில் ஏறினவர் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். எப்போதிலிருந்து? பெயிண்ட் கிடங்கில் காது உயிரோடு இருந்ததா? அதற்கப்புறம் போன இடங்களில்? தாமதமில்லாமல் வெளியே வந்ததெல்லாம் பாதி கண், பாதி அதிர்ஷ்டம், மீதி வாய். "காது சரின்னு சொல்லுது, வாங்கடா" என்று எத்தனை பேரை எத்தனை கதவுக்குள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்! அவர்களெல்லாம் இப்போது கல்யாணம் பண்ணி, பிள்ளை குட்டியோடு, அவரைப் பார்த்தால் கை தூக்கிக் கும்பிடுகிறார்கள். ஒவ்வொருத்தர் முகமாக வந்து போனது. கடைசியில் புகைக்குள் அவரைப் பார்த்த மாப்பிள்ளையின் முகம் வந்தது. அது மட்டும் போகவில்லை.

நிலையத்துக்குப் போனதும் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். "டேய், என் காது செத்துப்போச்சுடா. டெஸ்ட் பண்ணிட்டாங்க. இனிமே என் மூஞ்சியைப் பாக்காதீங்க. விளக்கைப் பாருங்க."

ஓட்டுநர் கேட்டார்: "எப்ப அடக்கம்ணே? மாலை வாங்கணுமா?"

சிரிப்பு அடங்க நேரமானது. ஈர ஸ்பாஞ்சு வைத்தவர், பெல்ட்டைக் கட்டினவர், குல்லாவை டீயில் அவித்தவர் சொல்வதை யார் நம்புவார்கள்? அவர் கோபமாகச் சொல்லச் சொல்ல, "நடிப்பைப் பாரு" என்றார்கள். கண்ணில் தண்ணீர் வந்ததும் கைதட்டினார்கள்.

அதிகாரி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நிஜப் பெயரைச் சொல்லி, "இனிமே நீ உள்ள போக வேண்டாம். வெளிய நின்னு அந்தத் திரையைப் பாத்துக்கோ" என்றார். காதண்ணன் தலையாட்டினார்.

கொஞ்ச நாளில் நாற்காலி, மேசை விற்கிற கடையின் மாடியில் தீ. சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவில் கூட்டம். காதண்ணன் வண்டி ஓரமாகத் திரையோடு நின்றார். புதுக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்திருந்த லேப் மேடம் பக்கத்தில் நின்றார். உள்ளே நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற ஆளும் இன்னொருத்தனும் போயிருந்தார்கள். திரையில் இரண்டு பச்சை வட்டம். இரண்டும் மஞ்சளாயின. மஞ்சள் நிற்கவேயில்லை, சிவப்புக்குத் தாவியது.

காதண்ணன் வாக்கிடாக்கியை எடுத்தார். "நெட்டை, வெளிய வா."

"இங்க ஒண்ணும் சூடு இல்லண்ணே. ஒரே ஒரு ரூம் பாக்கி."

"வாடான்னா வா! சிவப்பு காட்டுது."

கரகரப்புக்கு நடுவே நெட்டையின் குரல் சிரித்துக்கொண்டே வந்தது. "யாருண்ணே கூப்பிடுறது? நீங்களா, டீப் பொட்டியா?"

பொட்டி என்று சொன்னால் அவன் அந்த இன்னொரு அறையைப் பார்த்துவிட்டுத்தான் வருவான். அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். லேப் மேடம் அவர் வாயையே பார்த்தார்.

"காதுடா!" என்று காதண்ணன் கத்தினார். "என் காது சொல்லுதுடா! எரியுதுடா, வாங்கடா வெளிய!"

இரண்டு வட்டமும் உடனே திரும்பின. மாடிப்படியில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். இரண்டு பேரும் வாசலைத் தாண்டினதும் மேலே ஜன்னல்கள் எல்லாம் ஒன்றாக வெடித்துத் தெருவில் கொட்டின.

நெட்டை முகமூடியைக் கழற்றிவிட்டு ஓடி வந்து காதண்ணனைத் தூக்கிச் சுற்றினான். "தெருவுல நின்னுக்கிட்டே கேட்டுச்சு பாருங்கடா! காதா அது!" ஓட்டுநர் அவர் காதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அது பொய்டா, திரைதாண்டா சொல்லிச்சு" என்று காதண்ணன் எவ்வளவோ கத்தினார். யாரும் கேட்கவில்லை.

லேப் மேடம் திரையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "நல்லதுண்ணே, ரெண்டு பேரும் வந்துட்டாங்க" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். "அடுத்த தடவை நீங்க இல்லன்னா, அவங்களை யாருண்ணே கூப்பிடுவா?"

காதண்ணன் காதைத் தடவிக்கொண்டே வண்டியில் ஏறினார்.

அடுத்த விடுமுறைக்குத் தங்கச்சி வீடு. மாப்பிள்ளை கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கின கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி அடுப்பங்கரைக் கதவோரம் நின்றாள். காதண்ணன் சாப்பாட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னார். உலோகத் தட்டு, மணிக்கட்டு, நிலையத்துச் சிரிப்பு, நெட்டை, வாக்கிடாக்கி, கடைசியாக அந்தப் பொய். மறைக்கவில்லை, ஜோக்கடிக்கவும் இல்லை.

மாப்பிள்ளை கரண்டியை வைத்தார். "மச்சான், நான் சிவப்பைப் பாத்தேன். உங்க முகத்தையும் பாத்தேன். எதை நம்பணும்னு நான்தான் முடிவு பண்ணேன். நீங்க ஒருத்தரே தூக்கிட்டுத் திரியாதீங்க."

"சொல்லு மாப்ளே, அவகிட்ட சொல்லு" என்றார் காதண்ணன், பழக்க தோஷத்தில். "என் காது செத்துப்போனது எனக்கே தெரியாதுன்னு சொல்லு."

தங்கச்சி புருஷனைப் பார்க்கவில்லை. நேராக அண்ணனைப் பார்த்தாள்.

"அந்தப் பசங்களை வெளிய கொண்டுவர, காது எரியுதுன்னு பொய் சொன்ன."

"ஆமாம்மா."

"அன்னிக்கு இவர் சிவப்புன்னு சொன்னப்போ, எனக்காக அந்தப் பொய்யை ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?"

அவள் பேசிவிட்டாள். நேராக, அவரைப் பார்த்து, அண்ணா என்று கூப்பிட்டுப் பேசிவிட்டாள். இதற்காகத்தான் அவர் இத்தனை தடவை இந்த வீட்டுப் படி ஏறினார். காதண்ணன் வாயைத் திறந்தார். எப்போதும் எதையாவது வைத்திருக்கிற வாய், அன்றைக்கு எதுவும் இல்லாமல் திறந்தபடியே இருந்தது. தங்கச்சி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கரண்டியை எடுத்து, மீதிச் சாப்பாட்டை அவருக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.